சம்பளப் பந்தும் படிப்புப் பந்தும்

டோர்ட்மண்டுக்குக் கிட்ட,
14.11.1988

என்ர அன்பான லூர்து மச்சாளுக்கு,

கொறற்றி எழுதிறன். மாதாவின்ர தயவாலை நீங்களும் அண்ணையும் பிள்ளையளும் சுகமா இருப்பியள். நானும் சுகம். கடிதத்திலை அப்பிடித்தானே எழுத வேணும்.

உங்கட தம்பியின்ர, என்ர மனுசன்ர ஆண்டுப் பூசை வெள்ளிக்கிழமை முடிஞ்சுது. "பூசையோட விடாதை, பன்னிரண்டு பேருக்காவது அவன்ர பேரிலை சோறு குடு, இல்லாட்டி அவன்ர ஆத்துமம் பசியோட திரியும்" எண்டு நீங்கள் எழுதினதைத் தலைமாட்டிலை வைச்சுக்கொண்டு ஒரு மாதமா யோசிச்சன். இந்த ஊரிலை பன்னிரண்டு தமிழருக்கு நான் எங்கை போறது? நானும் மேல்மாடிச் சோதிலிங்கம் அண்ணையும்தான் இருக்கிறம். அவர் வெள்ளிக்கிழமையிலை மச்சம் தொடார். மீன் இல்லாத சோத்தை உங்கட தம்பி சோறெண்டே சொல்லமாட்டார்.

நான் கூட்டித் துடைக்கிற விளையாட்டு மண்டபத்திலை ரெண்டு பாஸ்கட்போல் கூட்டம் விளையாடுது. ஒண்டு சம்பளத்துக்கு விளையாடுற ஆக்கள். மற்றது யூனிவர்சிற்றியிலை படிக்கிற பெடியள். ரெண்டிலையும் பன்னிரண்டு பன்னிரண்டு பேர். எண்ணிப் பாத்த உடனை மாதாவே வழி காட்டின மாதிரி இருந்துது.

உங்கட தம்பியின்ர பந்து விசர் உங்களுக்குத் தெரியும்தானே. கொலிச் மட்ச் எண்டால் கலியாண வீட்டுப் பந்தியிலையிருந்தும் எழும்பி ஓடின மனுசன். இங்கையும் உயிரோட இருக்கேக்கை என்னோட மண்டபத்துக்கு வந்து பெடியளின்ர மட்ச் பாப்பார். கூட வாற சோதிலிங்கம் அண்ணை விடமாட்டார், அவர் சம்பளக்காரரின்ர கட்சி.

"சம்பளம் வாங்கிறவன்தான் ஐசே ஒழுங்கா விளையாடுவான். உம்மட பெடியள் எறியிற பந்து பத்திலை எட்டு வெளியிலை."

"போகட்டுமே. எறிஞ்சவன்ர மூஞ்சையைப் பாரும், சோதினை பெயிலானவன் மாதிரி நிக்கிறான். உம்மட சம்பளக்காரன் போட்டாலும் விட்டாலும் பஸ் கொண்டக்டர் மாதிரியெல்லோ நிப்பான்."

"அப்ப நீர் பந்து பாக்க வரேல்லை, மூஞ்சை பாக்க வாறீர்."

"ஓம், பின்னை? பந்துக்கு மூஞ்சை இருக்கோ?"

எனக்கு ரெண்டும் விளங்காது மச்சாள். அடியில்லாத கூடைக்குள்ளை பந்தைப் போட்டிட்டுக் கை தட்டுறாங்கள். ஆனா தும்புத்தடியைச் சாத்திப்போட்டுக் குந்தியிருந்தனெண்டால், தரை வெளிச்சத்திலை கடல் மாதிரி மினுங்கும், சப்பாத்துகள் குருவியள் மாதிரிக் கீச்சுக் கீச்செண்டும், எறிஞ்ச பந்து மேலை போய்க் கீழை வர மறந்து கொஞ்ச நேரம் நிக்கும். அந்தக் கொஞ்ச நேரமும் இவர் எனக்குப் பக்கத்திலை இருப்பார். நான் திரும்பிப் பாக்கமாட்டன். பாத்தால் பந்து விழுந்திடும்.

முதல் சம்பளக்காரரைத்தான் கேட்டன். அவையளுக்குப் பயிற்சி குடுக்கிறவர், "என்ன தின்னுறதெண்டதை நான்தான் சொல்லுறது, தெர்மீன் எடுத்துக்கொண்டு வாங்கோ" எண்டார். தெர்மீன் எண்டால் சந்திக்க நாள் குறிச்சு வாங்கிறது. செத்தவருக்குச் சோறு குடுக்கவும் நாள் குறிக்க வேணுமாம். இவர் பசியோட திரியக்கூடாதெண்டு சொல்லிப் பெடியளைக் கேட்டன். "இப்பவே தாங்கோ" எண்டாங்கள்.

வெள்ளிக்கிழமை ஆறு மணிக்கு மட்ச். செபம் சொல்லி வைச்ச சோறு ஆறக்கூடாதெண்டு அஞ்சு மணிக்கே மண்டபத்திலை வைச்சுப் பரிமாறினன். சோறு, மீன்குழம்பு, பருப்பு, கட்லட். எங்கட வழக்கம் தெரியும்தானே, தட்டு வெறுமையாகினால் இன்னொரு அகப்பை போடுறது. போதுமெண்டால் சாப்பிடுறவர் கையாலை மறைக்க வேணும். இவங்கட வழக்கம் தட்டிலை போட்டதை மிச்சம் விடக்கூடாதெண்டது. அவங்கள் வழிச்சுத் துடைக்க, ஐயோ பாவம் பசியெண்டு நான் போட, நான் போட அவங்கள் வழிச்சுத் துடைக்க, மூண்டு தரம் நடந்துது. பிறகு ஓடச் சொன்னால் எப்பிடி ஓடுறது? தலைவன் பெர்ன்ட் கூடைக்குக் கீழை முழங்காலிலை கையை ஊண்டிக்கொண்டு நிக்கிறான், பந்து அவனைத் தாண்டிப் போகுது, அவன் அதுக்கு வழி விடுறான். முப்பத்தெட்டுப் புள்ளியாலை தோல்வி. "எதிர்ப்பக்கத்துக்கு அஞ்சு பேர் தேவையில்லை, கொறற்றி நீர் ஒராள் காணும்" எண்டார் சோதிலிங்கம் அண்ணை.

நான் போய்ச் சாமான் அறைக்குள்ளை ஒளிச்சிட்டன். பெடியள் தேடி வந்தாங்கள், வியர்வையோட, வரிசையா. பெர்ன்ட் என்ர கையைப் பிடிச்சு, "உங்கட மனுசனுக்குப் பசி ஆறியிருக்குமோ?" எண்டு கேட்டான். தோத்தவன் கேக்கிற கேள்வியே மச்சாள் அது? இவர் பெடியள் பெடியள் எண்டு சாகும்வரை சொன்னதின்ர அருத்தம் எனக்கு அப்பதான் விளங்கிச்சுது.

ஒரு குறை. ஒருத்தனுக்கு அண்டைக்குச் சோதினை, வரேல்லை. பதினொரு பேர்தான். மற்றத் தட்டை மண்டபத்துக் குளிர்பெட்டியிலை மூடி வைச்சிருக்கிறன். பதினொண்டு காணுமோ? ஆத்துமம் ஒரு ஆளின்ர பசியோட நிக்குமோ? சுவாமியாரைக் கேட்டு எழுதுங்கோ. எப்பிடியெண்டாலும் இனி நான் படிக்கிற பெடியளின்ர பக்கம்தான். சம்பளக்காரரின்ர பக்கம் தலை வைச்சும் படுக்கன்.

அண்ணைக்கு என்ர அன்பு, பிள்ளையளுக்கு ஆளுக்கொரு கொஞ்சல். அந்தோனியார் உங்கட வாசலைக் காக்கட்டும்.

உங்கட தம்பி பெண்சாதி,
கொறற்றி

பி.கு: ஒட்டின கடிதத்தைப் பிரிச்சு எழுதிறன். இண்டைக்குப் பின்னேரம் சம்பளக்காரரிலை ஒராள், கதவாலை குனிஞ்சு வாற உயரம், பயிற்சிக்காரர் அங்காலை போகும்வரை பாத்து நிண்டிட்டு வந்து, "அந்தச் சாப்பாடு இன்னும் இருக்கோ?" எண்டு மெல்லமாக் கேட்டார். சூடாக்கிக் குடுத்தன். உறைப்புக்குக் கண்ணாலை தண்ணி ஓட ஓட நிண்டபடியே சாப்பிட்டு, ஆருக்காக எண்டு கேட்டுச் சிலுவை அடையாளம் போட்டார். பன்னிரண்டும் சரி மச்சாள். சுவாமியாரைக் கேக்க வேண்டாம். மேலை சம்பளக்காரரைப் பற்றி எழுதினதுகளை வெட்டிப்போட்டு வாசியுங்கோ. சனிக்கிழமை அவையளின்ர மட்ச், நான் போறன். உங்கட தம்பி வரமாட்டனெண்டு அடம்பிடிப்பார். எண்டாலும் ரெண்டு ரிக்கற் எடுத்திட்டன்.