உறைந்ததா என்று விரல் வைத்துப் பார்ப்பவர்

நம் ஊர்ப்பக்கம் விரல் வைப்பவர் என்றொரு இனம் உண்டு. எதையும் இவர் கண்ணால் பார்த்து நம்புவதில்லை. அன்று பூசிய சிமென்ட் தரை, பெயின்ட் காயாத கதவு, சூடு ஆறாத அல்வா, பொருக்குத் தட்டாத புண், எதுவானாலும் ஆள்காட்டி விரலை ஊன்றி "ஆயிட்டா?" என்று கேட்டால்தான் இவருக்கு உறக்கம் வரும். ஆகியிருக்காது. ஆகவிட்டால்தானே?

எங்கள் சர்ச் சபையின் சுந்தர்சிங் இந்த இனத்தின் தலைமகன். ஆன்ஸ்லின் இறந்தபோது அவன் மனைவி பெமிலா கல்லாக உட்கார்ந்திருந்தாள். இவர் நாற்காலியை இன்னும் பக்கத்தில் இழுத்துப் போட்டு, "அழுதியா மக்கா? அழுதிரணும். உள்ள வைக்கப்பிடாது" என்று அழுத்திப் பார்த்தார். அவள் அழவில்லை. அவருக்கு அது ஏமாற்றம்.

அறுப்பின் பண்டிகை வந்தது. காணிக்கையாகக் கொண்டுவந்ததையெல்லாம் ஆராதனை முடிந்ததும் ஏலம் விடுவார்கள். பெமிலா, ஆன்ஸ்லினுக்குப் பிடித்த இளநீர்க் கடல்பாசி இனிப்பை உறையவைத்து, தட்டில் கவிழ்த்துக் கொண்டுவந்திருந்தாள். அது முழுசாக ஏலத்துக்குப் போக வேண்டும். அதுவரை தானும் சபைக்கு முன்னால் உடையாமல் நிற்க வேண்டும். அவளுக்கு வேண்டியது அவ்வளவுதான்.

சுந்தர்சிங்கின் விரல் எழுந்தது.

"தொடாதீங்க மாமா. அவருக்கு வேண்டி வச்சது."

"உறஞ்சிட்டான்னு பாக்கண்டாமா?" ஓரத்தில் நகம் இறங்கியது. "கொஞ்சம் எளக்கமாட்டு இருக்கு."

கடல்பாசியின் குணம் உங்களுக்குத் தெரியும். தட்டை ஆட்டினால் அதுவும் ஆடும், அழுத்தினால் அமுங்கி எழும், தன் பாரத்தைத் தானே தாங்கும். ஆனால் ஓரத்தில் ஒரு கீறல் விழட்டும். பாரமெல்லாம் போய் அந்தக் கீறலின் நுனியில் உட்கார்ந்துகொள்ளும். அப்போதும் உடனே கிழியாது. சமயம் பார்க்கும்.

ஏலம் விட்ட எபின், எல்லோருக்கும் தெரியட்டும் என்று தட்டை உயர்த்திச் சற்றே சரித்தான். கீறல் விழித்துக்கொண்டு மறுகரை வரை ஓடியது. கடல்பாசி இரண்டாகப் பிளந்தது.

"நான் அப்பமே சொன்னம்லா, உறையல்லன்னு" என்றார் சுந்தர்சிங். இந்த இனத்தார் சொன்னது எப்போதும் பலிக்கும். பலிக்கும்வரை விரலை எடுக்கமாட்டார்கள்.

அடுத்து அவர் தேடியது பெமிலாவின் கண்களை. ஈரமா, இல்லையா?

"சங்கடமா மக்கா?"

"இல்ல மாமா." அவள் எபின் பக்கம் திரும்பினாள். "மாமாக்க பேர்லயே விடு தம்பி. கீறினவரு எடுக்கட்டு."

சபையே சிரித்தது. விலை கேட்காமலே ஏலம் எடுத்த ஒரே மனிதராகச் சுந்தர்சிங் தட்டை ஏந்தி வெளியே போனார். பெமிலா கடைசி ஏலம்வரை நின்றாள்.

நீங்களும் சிரிக்கிறீர்கள். நல்லது. கடைசியாகத் துக்கம் கேட்கப் போன வீட்டில், அவர்கள் தேறிவிட்டார்களா என்று பார்க்க நீங்கள் என்ன கேட்டீர்கள்? எங்கே, அந்த நகத்தைக் கொஞ்சம் காட்டுங்கள்.