ஆலை கேட் அடுத்த வாரம் திறக்கும்

தமிழ்நாட்டிலேயே, ஏன், இந்த பூமியிலேயே, தன்னைத் திட்டியவர்களுக்கு ஒருவர் விடாமல் பதில் எழுதிய ஒரே மனிதன் லோடிங்தான். திட்டு ஒரு வரி என்றால் பதில் ஒரு பக்கம். ‘வேஸ்ட்’ என்று ஒற்றைச் சொல்லில் முடித்தவருக்கும் ‘அன்புள்ள ஐயா, தங்கள் மேலான கருத்துக்கு நன்றி’ என்று ஆரம்பித்து, மின்வெட்டு, தன் லேப்டாப்பின் உடல்நிலை, அன்றைய மழை நிலவரம் எல்லாவற்றையும் தொட்டு, ‘வீட்டில் அனைவரும் நலமா?’ என்று முடியும் பதில் போயிருக்கிறது. நானே பிழை திருத்திக் கொடுத்திருக்கிறேன்.

நான் ஒரு இன்சூரன்ஸ் கம்பெனியில் வேலை பார்ப்பவன். வருகிற புகார்களுக்குப் பதில் எழுதாமல் இருப்பதுதான் என் உத்தியோகத்தின் முக்கியமான பகுதி. அதில் எனக்கு ஆபீஸில் நல்ல பெயரும் உண்டு. அப்படிப்பட்டவனைக் கள்ளக்குறிச்சிக்கு மாற்றி, துருகம் சாலையில் ஒரு டயர் கடை மாடியில், இவனுக்கு அடுத்த அறையில் குடிவைத்தது விதியின் குசும்பு.

அவனுக்கு வேறு பெயர் இருந்தது. ஆதார் அட்டையில் பத்திரமாக இருக்கும். ஊர் பயன்படுத்தியது கீழே டீ போடும் முனுசாமி வைத்த பெயரை. “டீயா, காப்பியா?” என்று கேட்டால் இவன் கண்கள் மேலே போகும். வாய் லேசாகத் திறக்கும். ஆட்காட்டி விரல் தன்னால் காற்றில் வட்டம் போட ஆரம்பிக்கும். இவனுக்குப் பின்னால் வந்தவர்கள் டீ குடித்து, பேப்பர் படித்து, அரசியல் பேசி, சண்டை போட்டுப் பிரிந்தும் போயிருப்பார்கள்.

“லோடிங் ஆவுதுபா, ஓரமா நின்னுக்க வுடுங்க” என்பார் முனுசாமி.

இந்த லோடிங் தனி ஆளாக செல்போனில் ஆடும் ஒரு கேம் செய்திருந்தான். பெயர் ‘கரும்பு லோடு’. கழனியில் கரும்பை ஏற்ற வேண்டும். டிராக்டருக்குப் பின்னால் டிரெய்லரை மாட்டிக்கொண்டு, பள்ளம், ஆடு, ஸ்பீடு பிரேக்கர், கல்யாண ஊர்வலம் எல்லாவற்றையும் தாண்டி சர்க்கரை ஆலை வாசல் வரை கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். சுற்று வட்டாரத்தில் டிராக்டர் ஓட்டுகிறவர்கள் எல்லோரிடமும் அது இருந்தது. அரவை சீசனில் ஆலை வாசலில் வண்டியை வரிசையில் போட்டுவிட்டு உட்கார்ந்திருக்கும்போது, பொழுதுபோக்காக அவர்கள் செல்போனில் டிராக்டர் ஓட்டிக்கொண்டிருந்தார்கள்.

ஒரே ஒரு குறை. கேமில் ஆலை வாசலுக்குப் போனால் கேட் பூட்டியிருக்கும். உள்ளே ஆலை இல்லை. அவன் இன்னும் கட்டவில்லை. கேட்டில் ஒரு போர்டு தொங்கும்: ‘ஆலை அடுத்த வாரம் திறக்கும்.’ நிஜ வரிசை மெதுவாகவாவது நகரும். செல்போன் வரிசை அசையாது. அந்த அடுத்த வாரம் நான் குடி வருவதற்கு முன்பே பலமுறை வந்து போயிருந்தது.

தாமதத்துக்குக் காரணம் சோம்பேறித்தனம் என்று யாராவது சொன்னால் அது அபாண்டம். நாள் முழுக்க உழைப்பான். எடை மேடையில் டிராக்டர் ஏறும்போது வரும் சத்தம் வேண்டும் என்று மைக்கை எடுத்துக்கொண்டு போவான். போட்டுக் கேட்டால் பக்கத்து மண்டபத்து மேளச் சத்தம் விழுந்திருக்கும். மறுபடி போவான். கரும்புத் தோகையைத் தனித்தனியாக வரைந்துகொண்டிருப்பான்.

“ஏம்பா, ஒண்ணை வரைஞ்சிட்டு அதையே எல்லா இடத்துலயும் ஒட்டிடக் கூடாதா?” என்று ஒருநாள் கேட்டேன்.

கண்கள் மேலே போயின. விரல் வட்டம் போட்டது. நான் சட்டையை இஸ்திரி போட்டு முடித்த பிறகு பதில் வந்தது.

“ஒரு தோகை மாரியே இன்னொரு தோகை நீங்க பாத்திருக்கீங்களாண்ணா?”

நான் எந்தத் தோகையையும் பார்த்ததில்லை. இஸ்திரி போட்ட சட்டையை மாட்டிக்கொண்டு ஆபீஸ் போனேன்.

இதெல்லாம் ஆடுகிறவர்களுக்குத் தெரியுமா? கேமுக்குக் கீழே கருத்து எழுதும் இடத்தில் காய்ச்சி எடுத்தார்கள். ‘நான் கேட்டாண்ட வந்து நின்னப்போ எனக்குக் கல்யாணம் ஆவல. இப்ப பையன் ஸ்கூலுக்குப் போறான். இன்னும் தொறக்கல’ என்று ஒருவர். இவன் பதில்: ‘தாமதத்துக்கு மன்னிக்கவும். பையன் நன்றாகப் படிக்கிறானா?’

எல்லோருக்கும் தனித்தனியாக விளக்கம் எழுதுவதால்தான் வேலை தள்ளிப்போகிறது என்று ஒருநாள் அவனே கண்டுபிடித்தான். ஒரே அடியாக எல்லோருக்கும் சேர்த்து விளக்கம் சொல்லிவிட முடிவு செய்தான். அதற்காக கேமில் ஆலை கேட்டுக்கு எதிரே ஒரு டீக்கடையைக் கட்டினான். வண்டியை நிறுத்தி டீ கேட்டால், டீ மாஸ்டர் கிளாஸைக் கழுவிக்கொண்டே, கேட் ஏன் இன்னும் திறக்கவில்லை என்று விவரமாகச் சொல்வார். அந்த டீக்கடையைக் கட்ட ஒரு மழைக்காலம் முழுவதும் ஆனது.

பலன்? டீக்கடையில் பஜ்ஜி ஏன் இல்லை என்று புதிதாகத் திட்ட ஆரம்பித்தார்கள்.

அந்த டீக்கடையில் ஒரு கோளாறும் இருந்தது. அடுப்பில் பால் பொங்கிக்கொண்டே இருக்கும். யாரும் இறக்க மாட்டார்கள். இதைப் பிடித்துக்கொண்டு கிளம்பினார் ‘மலைச்சிங்கம்’ என்ற பெயரில் எழுதும் ஒருவர். வாரம் தவறாமல் ஒற்றை ஸ்டார். ‘பாலு பொங்கி வழியுது. எறக்க ஆளில்ல. நீயெல்லாம் ஒரு மனுசனா?’ முறுக்கிய மீசை, கடா மாதிரி உடம்பு என்று நாங்கள் மலைச்சிங்கத்துக்கு உருவம் கொடுத்து வைத்திருந்தோம். லோடிங் எழுதியவற்றிலேயே நீளமான, நடுங்கிய பதில்கள் அவருக்குப் போனவைதான்.

இதற்குள் ஜனங்களுக்கு ஒரு விஷயம் புரிந்துவிட்டது. இங்கே எழுதினால் பதில் வருகிறது. உடனே கேமுக்குச் சம்பந்தமில்லாத மனுக்கள் வர ஆரம்பித்தன. தெருவிளக்கு எரியவில்லை என்றார் ஒருவர். டவுன் பஸ் நிற்காமல் போகிறது என்றார் இன்னொருவர். லோடிங் அசரவில்லை. ‘தங்கள் தெரு என் கேமின் எல்லைக்குள் வரவில்லை. இருப்பினும் ஆவன செய்கிறேன்’ என்று எழுதி, அந்தத் தெருவைக் கேமுக்குள் கொண்டுவந்து, விளக்கும் போட்டுவிட்டான். மனு கொடுத்த வாரமே விளக்கு எரிந்த தெருவை நான் என் வாழ்நாளில் அங்கேதான் பார்த்தேன்.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோதுதான் லோடிங்கின் அப்பா மாடி ஏறி வந்தார். மணலூர்பேட்டைப் பக்கம் கரும்பு விவசாயி. தோளில் பச்சைத் துண்டு. படியேறிய மூச்சு அடங்கும் முன்பே ஆரம்பித்தார்.

“இன்னாடா இது? உரம் வாங்கப் போனா கேக்கறான், எழவு வூட்டுக்குப் போனா கேக்கறான், ‘ஒம் புள்ள கேட்ட எப்பத் தொறப்பான்’னு. நான் இன்னா ஆலை மேனேஜரா?”

“செஞ்சிகினுதாம்பா இருக்கேன்.”

“செஞ்சிகினே இரு. இந்த அரவை முடியறதுக்குள்ள தொறக்கணும். இல்லன்னா பொட்டியக் கட்டிகினு மாமாவோட பெங்களூரு போய்க்கினே இரு. அவன் கம்பெனில வேலை பேசி வச்சிட்டான்.”

“சரிப்பா” என்றான் லோடிங். கண் மேலே போகவில்லை. விரல் வட்டம் போடவில்லை. கேட்டவுடன் அவன் பதில் சொல்லி நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. எனக்குப் பயமாகிவிட்டது. பெங்களூர் போய் யாரோ போட்ட திட்டத்தில் யாரோ கேட்ட பட்டனுக்கு வண்ணம் அடிக்கிற ஆள் இல்லை அவன். அங்கே இவன் விரல் வட்டம் போட்டு முடிப்பதற்குள் வேறு ஆளை வைத்துவிடுவார்கள்.

என் தொழில் அனுபவம் முழுவதையும் திரட்டி ஆலோசனை சொன்னேன். “மொதல்ல பதில் எழுதறத நிறுத்து. ஒருத்தனுக்கும் எழுதாதே. பழகிட்டா சுகமா இருக்கும்.”

கேட்டுக்கொண்டான். பதில்கள் நின்றன. மடமடவென்று ஆலை எழுந்தது. புகைபோக்கி வந்தது, எடை மேடை வந்தது. சத்தம்கூட மேளம் இல்லாமல் சுத்தமாக வந்தது. ஒரு மனிதனைத் திருத்திய பெருமிதத்தோடு நான் திரிந்தேன். அதற்குப் பிறகு ஒருநாள் பார்த்தால் லேப்டாப்பை மூடி வைத்துவிட்டு உட்கார்ந்திருக்கிறான்.

“மலைச்சிங்கம் திட்டலண்ணா.”

“நல்லதுதானே!”

“மத்தவங்க எல்லாம் ஜாஸ்தியா திட்டறாங்க. அவரு மட்டும் ஒண்ணுமே எழுதல. ஒடம்பு கிடம்பு சரியில்லயோ?”

அரவை முடியப் போகிறது, இவன் திட்டு வரவில்லை என்று வேலையை நிறுத்திவிட்டுக் கவலைப்படுகிறான். சமாதானம் சொன்னேன், அதட்டினேன். கேட்கவில்லை. ‘கரியாலூர் தாண்டி வளைவில இருக்கற டீக்கடையாண்ட வந்தாத்தான் டவர் கிடைக்குது. அங்க வந்து பாத்தா உன் அப்டேட்டு இல்ல’ என்று மலைச்சிங்கம் எப்போதோ எழுதியிருந்தார். அந்த ஒரு தடயத்தை வைத்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை காலை வெள்ளிமலை பஸ் ஏறினோம். மழை வரும் அறிகுறி இல்லை. இருந்தும் நான் குடை எடுத்துக்கொண்டேன். சிங்கம் பாய்ந்தால் கையில் ஏதாவது இருக்கட்டும் என்று.

வளைவில் டீக்கடை இருந்தது. நாலைந்து பேர் போனை வானத்துக்குக் காட்டிக்கொண்டு நின்றார்கள். ஒருவருக்கும் சிங்கக்களை இல்லை. கண்ணாடி போட்ட ஒடிசலான ஒரு அம்மா டீ ஆற்றிக்கொண்டிருந்தார்.

“ஏங்க, இங்க மலைச்சிங்கம்னு ஒருத்தர்…” என்று நான் இழுத்தேன்.

“நான்தான். இன்னா வேணும்?”

நான் குடையைப் பின்னால் மறைத்துக்கொண்டேன். லோடிங் கைகூப்பி, அந்த கேமைச் செய்தவன் தான்தான் என்றான். அந்த அம்மாவின் பார்வை அவன் மேலேயே இருக்க, அடுப்பில் பொங்கி வந்த பாலைக் கை தானாகப் போய் இறக்கி வைத்தது.

“பாத்தியா? இவ்ளோதான் வேலை. அத உன் கடையில செய்ய ஒருத்தன் இல்ல. எனக்குப் பாக்கும்போதே கை பதறுது.”

“அடுத்த வாரம் சரி பண்ணிடறேங்க. நீங்க ஏங்க எழுதறத நிறுத்திட்டீங்க?”

“நீ நிறுத்தின, நானும் நிறுத்திட்டேன்.” டீயை எங்கள் முன்னால் வைத்தார். “ரோடு சரியில்லன்னு கவர்மெண்டுக்கு எழுதினேன், பதில் வர்ல. டவர் வேணும்னு எழுதினேன், அதுக்கும் வர்ல. பாலு பொங்குதுன்னு உனக்கு எழுதினேன், ஒரு பக்கத்துக்குப் பதில் போட்டே. கடைசில ‘வீட்டில் அனைவரும் நலமா’ன்னு கேட்டிருந்தே. எங்க வூட்டுக்காரர் ஆஸ்பத்திரில கெடந்தாரு அப்ப. வூட்ல ஒருத்தரு ஆஸ்பத்திரிலன்னு மட்டும் எழுதினேன். எப்படி இருக்காருன்னு வாராவாரம் கேட்டே. அப்டேட்டு எப்பனா வரட்டும் தம்பி, யாரு கேட்டா அத? பதில நிறுத்தறது இன்னா பழக்கம்?”

லோடிங் என்னைப் பார்த்தான். நான் மலையின் இயற்கை அழகைப் பார்த்தேன்.

“இப்ப எப்படிங்க இருக்காரு?” என்றான்.

“எழுந்து நடக்கறாரு. டீ ஆறுது, குடி.”

இறங்கும்போது பஸ்ஸில் அவன் போனில் பதில் எழுத ஆரம்பித்துவிட்டான். விட்டுப்போனவர்கள் எல்லோருக்கும். டவர் போன பிறகும் எழுதிக்கொண்டிருந்தான். பாதி மலை இறங்கியபோதுதான் குடையைக் கடையிலேயே வைத்துவிட்டது ஞாபகம் வந்தது. திரும்பிப் போய்க் கேட்கும் தைரியம் எனக்கு இல்லை.

அரவை முடியும் தறுவாயில் ஆலை கேட் திறந்தது. சோதித்துப் பார்க்க அப்பாவே வந்துவிட்டார். கட்டிலில் உட்கார்ந்து போனை வாங்கினார். வண்டி ஓட ஆரம்பித்ததும் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு கிட்டத்தில் வைத்துப் பார்த்தார். டிராக்டரின் இடது லைட் உடைந்திருந்தது. சீட்டில் ஒரு பச்சைத் துண்டு மடித்துப் போட்டிருந்தது.

“இது நம்ம வண்டிடா” என்றார். ஒரு ஆட்டின் மேல்கூட மோதாமல் ஓட்டினார்.

கேட் திறந்தது. எடை மேடை முனகியது. கரும்பு இறங்கியது. லோடிங்கின் முகம் மலர்ந்தது. அப்பா வண்டியைத் திருப்பினார். இந்தப் பக்கம் சுவர். அந்தப் பக்கமும் சுவர். பின்னால் அடுத்த வண்டி நின்றது.

“வெளிய போற வழி எதுடா?”

கண்கள் மேலே போயின. விரல் வட்டம் போட ஆரம்பித்தது. கீழே டயர் கடையில் ஒரு லாரிக்கு டயர் மாற்றி முடித்தார்கள்.

“உள்ள போறதையே நெனச்சிகினு இருந்தேம்பா. வெளிய வர்றத… வைக்கல.”

பெங்களூர் வண்டி கிளம்பிவிட்டது என்றுதான் நினைத்தேன். அப்பா போனையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“அதுக்குன்னு என் வண்டிய உள்ளயே வுட்டுட்டுப் போவ சொல்றியா? காலைல வூட்டாண்ட வண்டி வேணாமா?”

“அடுத்த வாரம் வச்சிடறேம்பா.”

“அடுத்த வாரம் வருவேன். வண்டி வெளிய வரணும்” என்று எழுந்தார். வாசலில் நின்று என்னிடம் குரலைத் தாழ்த்தினார். “கேட்ட தொறக்கணும்னுதானே சொன்னேன்? தொறந்துட்டான் இல்ல? மச்சானாண்ட நான் சொல்லிக்கறேன்.”

அவர் அடுத்த வாரம் வந்தார். அதற்கடுத்த வாரமும் வந்தார். சொந்தமாக ஒரு பெயர் வைத்துக்கொண்டு ஒற்றை ஸ்டார் போடவும் கற்றுக்கொண்டார். அவருக்கும் ‘அன்புள்ள ஐயா’ என்றுதான் பதில் போனது.

எனக்கு ஊர் மாற்றலாகிவிட்டது. இங்கே அடுத்த அறையில் யார் இருக்கிறார்கள் என்றுகூடத் தெரியாது. கேம் மட்டும் போனில் இருக்கிறது. என் டிராக்டரும் ஆலைக்குள்ளேயே நிற்கிறது. மாதம் ஒருமுறை வேறொரு பெயரில் போய், ‘வெளியே வரும் கேட் எங்கே? படுமோசம்’ என்று எழுதி ஒற்றை ஸ்டார் போடுவேன். ‘அன்புள்ள ஐயா’ என்று ஒரு பக்கம் வரும். ‘வீட்டில் அனைவரும் நலமா?’ என்பது வரை நிதானமாகப் படித்துவிட்டுத் தூங்கப் போவேன்.

போன வாரம் வந்த பதிலில் அதற்குக் கீழே இன்னும் ஒரு வரி இருந்தது.

‘அண்ணா, உங்க குடை மலைச்சிங்கம் கடையில பத்திரமா இருக்குது. எப்ப வரீங்க?’

இத்தனை வருட உத்தியோகத்தில் முதல் தடவையாக நானும் உட்கார்ந்து பதில் எழுதினேன். அடுத்த வாரம் என்று.