கேசரித் தட்டில் உட்கார்ந்த வெட்டுக்கிளி

படித்த முட்டாளுக்கு இருக்கும் துணிச்சல் படிக்காதவனுக்கு வராது. நான் படித்த ரகம்.

அறுபதுகளின் தொடக்கத்தில் திருச்சிக் கல்லூரி ஒன்றில் விலங்கியல் டெமான்ஸ்ட்ரேட்டராக இருந்தேன். தவளை அறுக்கும் மாணவர்களை மேய்ப்பதுதான் உத்தியோகம். நடை மட்டும் துணைவேந்தர் நடை. அந்த லட்சணத்தில்தான் மாமாவோடு பஸ் ஏறி ஸ்ரீரங்கத்துக்குப் பெண் பார்க்கப் போனேன்.

கமலா காபி கொண்டுவந்தாள். அது ஆறுவதற்குள், இவள் இல்லையென்றால் எனக்குக் கல்யாணமே வேண்டாம் என்று முடிவு செய்துவிட்டேன். மாமா வழக்கம்போல் பெண்ணை ஒரு பாட்டுப் பாடச் சொன்னார். பாட வராது என்றாள். மாமாவின் முகம் சுருங்கியது.

அந்த நேரம் பார்த்து, கொல்லைப் புல்லிலிருந்து ஒரு பச்சைப் பூச்சி பறந்துவந்து கேசரித் தட்டில் உட்கார்ந்தது. பேச்சை மாற்றிக் காரியத்தைக் காப்பாற்ற நினைத்தேன் (காப்பாற்றிய அழகைக் கேளுங்கள்). இது சாதாரண வெட்டுக்கிளி என்று ஆரம்பித்தேன். வாலில் வாள் போல் நீண்டிருப்பது கொடுக்கு, கொட்டினால் கை வீங்கும் என்றேன். பெண் பூச்சி இனிமையாகப் பாடும், ஆண் மயங்கி வரும் என்று ஓரக்கண்ணால் கமலாவைப் பார்த்தபடி முடித்தேன்.

அவள் பூச்சியைக் கையிலேயே எடுத்துவிட்டாள். தலையில் உள்ள உணர்கொம்பு உடம்பைவிட நீளம், அதனால் இது புல்வெளியில் திரியும் நீள்கொம்பு வகை என்றாள். அந்த வாள் புல்தண்டைக் கீறி முட்டை வைப்பதற்காம். (அவளும் விலங்கியல் பட்டதாரி. தரகர் சொல்லியிருந்தார், நான் போட்டோவைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.)

"பொம்பளைப் பூச்சி பாடாதுங்க. ஆம்பளைதான் ரெக்கையை உரசிப் பாடும். இதுக்குக் காது முன்னங்கால் முட்டிக்குக் கீழே இருக்கு. கேட்டுப் பார்த்து, பிடிச்சாத்தான் கிட்டப் போகும்."

அவள் அப்பா நிதானமாக டம்ளரைக் கீழே வைத்தார். "அப்போ மாப்பிள்ளை ஒரு பாட்டுப் பாடுங்களேன்."

பாடினேன். அதைப் பாட்டு என்று சொல்வது பாட்டுக்கு அவமரியாதை. பாதியில் பூச்சி பறந்துவிட்டது. மாமா செருப்பைத் தேடப் போனார். வெட்கத்தில் செத்தேன், ஆனாலும் அவளை விட மனமில்லாமல் கடைசி வரி வரைக்கும் பாடித் தீர்த்தேன்.

மறுவாரம் சம்மதம் வந்தது. பாட வராது என்று தெரிந்தும் முழுசாகப் பாடினாரே, அது போதும் என்றாளாம்.

இன்றும் நான் குளியலறையில் லேசாக ஒரு பாட்டை முனகினால் போதும். வெளியே கமலாவும் பேரப்பிள்ளைகளும் வரிசையாக உட்கார்ந்து முழங்கால்களைக் கையால் பொத்திக்கொள்கிறார்கள்.