ஃபியூஸ் பிடுங்கியவன் போட்ட காபி

பெருமதிப்பிற்குரிய மைத்துனர் அவர்களுக்கு,

இங்கு நான் நலம், வேன் நலம், கூரைமேல் சோலார் தகடும் நலம். அங்கு நீங்களும் அக்காவும், உங்கள் வீட்டில் தங்கியிருக்கும் என் மனைவியும் நலமாக இருப்பீர்கள் என நம்புகிறேன். இதைத் தனியாக உட்கார்ந்து படியுங்கள். உங்கள் தங்கை பக்கத்தில் இருந்தால் தயவுசெய்து மொட்டைமாடிக்குப் போய்விடுங்கள். என் மானம் போகிற விஷயம்.

மின்சார ஆபீசில் ஓய்வு பெற்ற கையோடு, இனி எவன் கரண்டும் வேண்டாம் என்று வீட்டைப் பூட்டிவிட்டு நான் வேனில் குடியேறியபோது உங்கள் தங்கை ஒரே ஒரு நிபந்தனைதான் போட்டாள். "அந்த டப்பாக்குள்ள உங்க கையால ஒரு காபி போட்டுக் குடுங்க. வாயில வைக்கிற மாதிரி இருந்தா பெட்டியோட வரேன். இல்லன்னா அண்ணன் வீட்டுலயே இருந்துக்கறேன்." ஒரே ஒரு காபி, மச்சான்! கல்யாணமான நாளிலிருந்து நான் குடித்து மட்டுமே பழகிய வஸ்து.

போன புதன்கிழமை பரீட்சை. முந்தின நாளே ஒத்திகை பார்த்தேன். புகை சேராமலிருக்கக் கதவைத் திறந்து வைத்து அடுப்பைப் பற்றவைத்தால், காற்று நேரே உள்ளே வந்து பொசுக்கென்று அணைக்கிறது, மறுபடி பற்றவைக்கிறேன், மறுபடி அணைக்கிறது, தீப்பெட்டிதான் காலியானது. உடனே மூளையைக் கசக்கி வண்டியைத் திருப்பி மரத்தடியில் நிறுத்தினேன். அடுப்பு நின்று எரிந்தது பாருங்கள், அப்படியே பூரித்துப் போய்ப் படுத்துவிட்டேன். மறுநாள் உங்கள் தங்கை வந்து உட்கார்ந்து, தண்ணி கொதித்து, டிகாஷன் இறங்கி, எல்லாம் முடிந்து பால் பாத்திரத்தை எடுத்தால் திரிந்து கிடக்கிறது. மர நிழலில் சோலார் தகடு வேலை செய்யாது, தகடு வேலை செய்யாவிட்டால் ஃபிரிட்ஜ் ஓடாது! ஊருக்கே கரண்ட் கொடுத்தவனுக்கு இது உறைக்கவில்லை. வெளியே சொன்னால் வெட்கக்கேடு.

"டிகாஷன் நல்லா இறங்கட்டும், இப்படியே உக்காரு" என்று சொல்லிவிட்டு டம்ளரோடு பின்கதவு வழியாக நழுவினேன். எதிரே இருப்பது ஒரே ஒரு வெல்டிங் பட்டறை. அதன் முதலாளி யார் தெரியுமா? மீட்டர் பெட்டிக் கதவு சரியாக மூடவில்லை என்ற மாபெரும் குற்றத்துக்காக ஒருகாலத்தில் நான் ஃபியூஸைப் பிடுங்கிய ஆள். என்னைப் பார்த்ததும், "வாங்க சார், இப்ப மீட்டர் பெட்டி நல்லா மூடுது, வேணும்னா பாத்துக்குங்க" என்றார். எனக்குப் பூமி பிளந்து உள்ளே போய்விடலாம் போலிருந்தது. தலையைச் சொறிந்துகொண்டு, "ஒரு டம்ளர் காபி கிடைக்குமா? வீட்டுக்காரம்மா வந்திருக்கா" என்றேன். அதற்குமேல் மனுஷன் ஒரு வார்த்தை குத்திக் காட்டவில்லை, தானே கலந்து, நுரை பொங்க ஆற்றிக் கொடுத்தார். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

அதைத்தான் உங்கள் தங்கை குடித்தாள். குடித்துவிட்டு, "நீங்களா போட்டீங்க? பரவாயில்லையே!" என்றாள். கண்கூடக் கலங்கின. ஞாயிற்றுக்கிழமை பெட்டியோடு வருகிறாளாம். ஐயோ, எனக்குச் சோறு இறங்கவில்லை மச்சான். பொய்க் காபியைக் குடித்துவிட்டு அவள் வீட்டைத் துறந்து வருவதா? அவள் கிளம்புவதற்குள் உண்மையை நீங்களே பக்குவமாகச் சொல்லித் தடுத்துவிடுங்கள். நேரில் சொல்ல எனக்கு முகமில்லை.

அக்காவுக்கு என் வணக்கங்கள், குழந்தைகளுக்கு ஆசிகள்.

இப்படிக்கு,
தலைகுனிந்து நிற்கும்
உங்கள் தங்கை வீட்டுக்காரன்

பி.கு: யாரையும் தடுக்க வேண்டாம். உறையை ஒட்டப் போகும்போது உங்கள் தங்கை பெட்டியோடு வந்து நிற்கிறாள், வெள்ளிக்கிழமையே! கடிதத்தைப் பிடுங்கிப் படித்துவிட்டுச் சிரிக்கிறாள். "வண்டி பூரா திரிஞ்ச பால் நாத்தம், டம்ளர்ல மட்டும் நல்ல பால் எங்கேர்ந்து வரும்? நீங்க பட்டறை வாசல்ல தலையச் சொறிஞ்சிட்டு நின்னத ஜன்னல்ல பாத்துட்டுதானே இருந்தேன். ஆபீஸ்ல யார்கிட்டயும் தலை வணங்காத மனுஷன் எனக்காகப் போய்க் கேட்டீங்களே, அதுக்குத்தான் வந்தேன். காபிக்கு யார் வந்தா?" என்கிறாள். நீங்களும் சிரிக்க வேண்டுமாம், அதனால் கடிதத்தை அனுப்பச் சொல்கிறாள். இப்போது நானே ஒன்று போட்டுக் கொடுத்திருக்கிறேன். முகத்தைச் சுளிக்கிறாள். டம்ளரைக் கீழே வைக்கவில்லை.