பாட்டுப் பிரிக்க எட்டு நாள்

பாட்டுப் பிரிக்கிற நாளில் தண்ணீர்க் குடத்தைத் தொடுவதில்லை என்று கிளாரினெட் சூசைமாணிக்கம் விரதம் பூண்டு ஏழு வருஷமாகிறது. திண்டுக்கல்லில் ஒரு ஆம்பளை இருப்பதற்கு இதைவிடச் சௌகரியமான விரதம் கிடையாது. தெருக்குழாயில் விடிந்ததும் ஒரு மணி நேரம் தண்ணீர் வரும். சண்டை போட்டுப் பிடித்து, முந்நூறு தப்படி சுமந்து வர வேண்டும். அப்படி எட்டு நடை.

"விரல் போயிரும் செவத்தி," என்று பெண்டாட்டி செவத்தியம்மாளிடம் பத்து விரலையும் விரித்துக் காட்டுவார். "குடம் தூக்குன விரல் மரத்துப் போகும். மரத்த விரல் கிளாரினெட் ஓட்டையில நிக்காது."

"எம்புட்டு நாளைக்கு?"

"பாட்டுக்கு எட்டு நாள்."

மாசம் நாலு புதுப் பாட்டு வந்துகொண்டிருந்த காலம் அது. மாசத்தில் முப்பது நாள்தான் இருக்கிறது என்பதில் சூசைமாணிக்கத்துக்குக் கொஞ்சம் வருத்தம் உண்டு.

பாட்டுப் பிரிப்பது லேசு என்று நான் சொல்ல வரவில்லை. அவருடைய பேண்டு செட்டில் ஆறு பேர். ஆறு பேரில் ஒருத்தருக்கும் எழுதி வைத்த ஸ்வரம் படிக்கத் தெரியாது. ரேடியோவில் மூணு நிமிஷம் ஓடி மறைகிற பாட்டைக் காதாலேயே பிடித்து வர வேண்டும். முதல் தடவை கேட்டால் பல்லவி நிற்கும். மறுதடவை சரணம் நிற்கும். இரண்டுக்கும் நடுவில் இருபது முப்பது வயலின் சேர்ந்து பறக்கிறதே, பிட்டு என்பார்கள், அது மட்டும் பத்துத் தடவை கேட்டாலும் பாதிதான் சிக்கும். சிக்கியதை ஆறு பங்கு வைக்க வேண்டும். ராகம் கிளாரினெட்டுக்கு, எதிர்ப்பேச்சு டிரம்பெட்டுக்கு, அடியில் முனகுகிறது பெரிய குழலுக்கு. அப்புறம் ஒவ்வொருத்தனையும் உட்கார வைத்து அவனவன் பங்கை வாயால் பாடிக் காட்ட வேண்டும். நிஜமாகவே இரண்டு நாள் முதுகு ஒடிகிற வேலை. மிச்ச ஆறு நாள் நைனா முகமது டீக்கடையில், ரேடியோவுக்கு நேர் கீழே, தாயம்.

அந்த வருஷம் ஒட்டன்சத்திரம் காய்கறி மண்டி நாச்சிமுத்து வீடு தேடி வந்தார். அவர் மகளுக்குக் கல்யாணம்.

"ஏனுங்க மாஸ்டர், புதுப் படத்துல பரிசல் பாட்டு ஒண்ணு வருதுல்லங்க, பொண்ணு அழைப்புக்கு அதை வாசிக்கோணுங்க. எம் பொண்ணு எந்நேரமும் அதையேதான் பாடிட்டுத் திரியுது. ஆகாதுன்னா இப்பவே சொல்லிப்போடுங்க. பழனியில ஒரு செட்டு இருக்குதுங்க."

"ஆகாதுங்கிற பேச்சே இல்லை. அடுத்த வியாழக்கிழமைதான? சரியா எட்டு நாள். போதும்."

நாச்சிமுத்து வீட்டுக் கல்யாணம் ஒன்றோடு போகிற சமாச்சாரம் இல்லை. மண்டிக்காரர்கள் எல்லாரும் வருவார்கள். கேட்டுப் பிடித்துப் போனால் ஆறு குடும்பமும் வருஷம் பூராவும் கல்யாணச் சாப்பாடு சாப்பிடலாம். பிடிக்காமல் போனால் மண்டி மொத்தமும் பழனிச் செட்டுக்குப் போய்விடும். இது தெரிந்தும் சூசைமாணிக்கம் முதல் நாலு நாள் தாயம்தான் ஆடினார். ஒரு காதில் பல்லவியும் சரணமும் தானாக வந்து உட்கார்ந்துகொண்டன. திங்கட்கிழமை தாயக்கட்டையை ஓரமாக வைத்துவிட்டு, பிட்டைப் பிடிக்கலாம் என்று நிமிர்ந்தார். ரேடியோ இரண்டு தரம் இருமியது. அப்புறம் மூச்சைக் காணோம்.

"வால்வு போயிருச்சு மாஸ்டர்," என்றார் நைனா முகமது. "மதுரைக்குத்தான் அனுப்பணும். நாலு நாளாகும்."

கல்யாணத்துக்கு மூணே நாள்தான் இருந்தது. சுற்றுவட்டாரத்தில் இன்னொரு ரேடியோ இருப்பது பின் தெருவில் காதர் பீவி வீட்டில். அவள் புருஷன் பொழுது விடிந்தால் தோல் ஷாப்புக்குப் போய்விடுவார். பெண்கள் மட்டும் இருக்கிற வீட்டில் போய்க் கிளாரினெட்டோடு உட்கார முடியுமா? செவத்தியம்மாள் தினமும் போகிற வீடுதான். அவளிடம் ஒரு வார்த்தை சொன்னால் போதும். ஆனால் மாஸ்டர் பெண்டாட்டியிடம் போய்ப் பிட்டுக் கேட்பதாவது?

"காதர் பீவி வீட்டு ரேடியோ பாடுதா?" என்று சுவரைப் பார்த்துக் கேட்டார்.

"நல்லாப் பாடுதே. ஏன்?"

"சும்மாதான்."

செவத்தியம்மாள் அவர் முகத்தை ஒரு தரம் பார்த்துக்கொண்டாள்.

செவ்வாய்க்கிழமை பூராவும் சூசைமாணிக்கம் சொந்தமாக ஒரு பிட்டு உண்டாக்கப் பார்த்தார். அது ஒரு தரம் கோயில் பாட்டாகப் போனது, ஒரு தரம் சாவு ஊர்வலமாகப் போனது. ஆட்டுக்கல்லில் இருந்த செவத்தியம்மாள் வாய்க்குள் எதையோ முனகிக்கொண்டிருந்தாள்.

"செத்த நேரம் சும்மா இரேன். காதுல இருக்கற பாட்டு கலைஞ்சு போகுது."

"சரி," என்று அவள் வாயை மூடிக்கொண்டாள்.

புதன்கிழமை மூணு மணிக்கு வீட்டில் ஒத்திகை. இரண்டு மணிக்கு டீக்கடைக்குப் போய்ப் பார்த்தார். ரேடியோ இருந்த இடத்தில் பன் ரொட்டி இருந்தது. கிளாரினெட் விரிசல் விட்டுப்போச்சு என்று சொல்லிவிடுவோம் என்று முடிவு பண்ணவே நாலு மணியாகிவிட்டது. தலையைத் தொங்கப் போட்டுத் திரும்பினார். தெருமுனையில் கால் நின்றுவிட்டது. பரிசல் பாட்டு கேட்டது. பல்லவி, சரணம், பிட்டு, எல்லாம். அவர் வீட்டுக்குள்ளிருந்து.

உள்ளே பாயில் ஐந்து பேரும் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் செவத்தியம்மாள் முறத்தில் அரிசிக்குக் கல் பொறுக்கிக்கொண்டே, "தானன தந்தானா, இங்கன மூச்செடுத்துக்கங்க," என்று டிரம்பெட் கஸ்பாருக்குப் பாடிக் காட்டிக்கொண்டிருந்தாள்.

"மாஸ்டர்," என்று கஸ்பார் எழுந்து நின்றார். "மேல ஏறுற இடத்தை எனக்கு வைக்காம கிளாரினெட்டுக்கு வச்சீங்க பாருங்க, அதுதான் மாஸ்டர்ங்கிறது. போன மாசம் முன்பல்லு ரெண்டு போனதுலேர்ந்து எனக்கு அம்புட்டு உசரம் எட்டல. நான் வாய்விட்டுச் சொல்லவே இல்லை. நீங்களாக் கவனிச்சிருக்கீங்க."

சூசைமாணிக்கம் அப்போதுதான் கஸ்பாரின் வாயைப் பார்த்தார். ஆமாம், இரண்டு பல்லைக் காணோம்.

"அவுக சொன்னதைத்தான் நான் சொன்னேன் கஸ்பாரண்ணே," என்றாள் செவத்தியம்மாள், முறத்தை விட்டுக் கண்ணெடுக்காமல். "நீங்களும் உக்காருங்க. உங்க பங்கை ஒருக்கா பாத்துருவோம்."

மாஸ்டர் ஆறாவது ஆளாகப் பாயில் உட்கார்ந்தார்.

எல்லாரும் போன பிறகு கேட்டார். "எப்படிடி?"

"ரெண்டு மத்தியானம் காதர் பீவி வீட்டுல கேட்டேன். குழாய்ல வரிசையில நிக்கையில பிரிச்சேன். ஏழு வருஷமா அஞ்சு பேருக்கும் நீங்க பாடுறதைக் கேட்டுக்கிட்டுத்தான மாவாட்டுறேன்? நேத்து முனகிப் பாத்தேன். நீங்கதான் சும்மா இருன்னீக."

அவருக்கு வெட்கமாக இருந்தது. அதைவிடச் சந்தோஷமாக இருந்தது. இப்படி ஒரு காது நம் வீட்டிலேயே இருந்திருக்கிறதே என்று நினைத்து நினைத்துச் சிரித்துக்கொண்டார்.

வியாழக்கிழமை, பிட்டு ஏறுகிற இடத்தில் கல்யாணப் பெண் காரிலிருந்து எட்டிப் பார்த்துவிட்டாள். நாச்சிமுத்து அதே பாட்டை இன்னும் மூணு தரம் வாசிக்கச் சொன்னார். மண்டிக்காரர்கள் மூணு பேர் அங்கேயே அடுத்த மாசக் கல்யாணங்களுக்குத் தாம்பூலம் கொடுத்தார்கள். ஆளுக்கொரு புதுப் பாட்டு.

மறுநாள் பஸ்ஸில் திரும்பும்போது சூசைமாணிக்கத்துக்கு ஒரு யோசனை பிறந்தது. அற்புதமான யோசனை. இரண்டு நாள் வேலையும் அவள் தலையில் போய்விட்டால் எட்டு நாளும் முழுசாகத் தாயம் ஆடலாம். வீட்டுக்குள் நுழைந்ததும் நுழையாததுமாக ஆரம்பித்தார்.

"செவத்தி, இனிமே பாட்டுப் பிரிக்கிறது நீதான். ஊரறியச் சொல்றேன். மாஸ்டரே நீதான். நான் வெறும் கிளாரினெட்டு."

"நெசமாவா?"

"சத்தியமா."

"சரிங்க," என்றாள் அவள். இவ்வளவு சீக்கிரம் சரி என்று சொல்லும்போதே அவர் உஷாராகியிருக்க வேண்டும்.

சனிக்கிழமை விடிகாலை. தலைமாட்டில் ணங் என்று ஒரு பித்தளைக் குடம் உட்கார்ந்தது.

"குழாய்ல தண்ணி வந்துருச்சு. எந்திரிங்க."

"நீ போகலையா?"

"பாட்டுப் பிரிக்கிறவுக குடம் தொடலாமா? எனக்குத்தான் மூணு பாட்டு கிடக்கே."

"போன பாட்டை ரெண்டே நாள்ல பிரிச்சுட்டியே?"

"பாட்டுக்கு எட்டு நாளுன்னு ஊரெல்லாம் சொல்லி வச்சிருக்கது நீங்க. நான் குறைச்சா உங்க பேரு என்னத்துக்காகும்?"

அவர் குடத்தை எடுத்துக்கொண்டு வாசல்வரை போய், ஏதோ நினைத்துக்கொண்டவராகத் திரும்பினார். "அப்ப மிச்ச ஆறு நாளு நீ என்னதான் செய்வ?"

"காதர் பீவி வீட்டுல தாயக்கட்டம் வரைஞ்சாச்சு," என்றாள் செவத்தியம்மாள்.