மூன்றாவது முறை மறுக்காத மைத்துனருக்கு

சீதி காபர், அலெக்சாந்திரியா
அக்டோபர் 19

மதிப்பிற்குரிய மைத்துனர் ஷவ்கி அவர்களுக்கு,

உங்கள் மீதும் உங்கள் இல்லத்தார் மீதும் சாந்தி உண்டாவதாக. ஸமூஹாவில் உங்கள் டைல்ஸ் கடை செழிக்கவும், உங்கள் மனைவி ஃபிர்தவ்ஸ் அக்காவின் முழங்கால் சீக்கிரம் மடங்கவும் இறைவனை வேண்டுகிறேன். இத்துடன் மரியாதை முடிந்தது.

போதுமான நாள் வாயை மூடிக்கொண்டு இருந்துவிட்டேன். நாம் நால்வரும் சேர்ந்து போன சுற்றுலாக் கப்பலை விட்டு இறங்கி இருபத்தாறு நாள் ஆகிறது. இதற்குள் மூன்று வெள்ளிக்கிழமை எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வந்தீர்கள். மூன்று முறையும் மீனின் நடுத்துண்டை உங்கள் தட்டில்தான் வைத்தேன். அதை மன்னிப்பு என்று நீங்கள் எடுத்துக்கொண்டிருந்தால் தவறு. அது என் வளர்ப்பு.

முதலில் பதிவு விஷயத்துக்கு வருகிறேன். "ரெண்டு அறையையும் ஒரே பதிவுல போட்டா சலுகை கொட்டும் மாப்பிள்ளை, பேசாம என்கிட்ட விட்டுடு" என்றீர்கள். விட்டேன். சலுகை கொட்டத்தான் செய்தது, ஆனால் எல்லாம் உங்கள் தலையில். பதிவில் முதல் பெயர் யாருடையதோ அவர்தான் கப்பல்காரர்களுக்கு மனிதர். மற்றவர்கள் அவருடைய சாமான்கள் என்பது எனக்கு ஏறிய பிறகுதான் தெரிந்தது. இணைய வசதி இலவசம், ஆனால் உங்கள் கைப்பேசிக்கு மட்டும். என் பள்ளியிலிருந்து செய்தி வந்திருக்கிறதா என்று பார்க்க, முப்பது வருடம் புவியியல் நடத்திய நான், நீச்சல் குளத்தங்கரையில் துண்டு கட்டிக்கொண்டு படுத்திருந்த உங்கள் பக்கத்தில் நின்று "மச்சான், ஒரு நிமிஷம் தர்றீங்களா" என்று கேட்க வேண்டியிருந்தது. வரம்பில்லாத பானம் என்று இன்னொரு சலுகை. மது தொடாத குடும்பத்துக்கு அதை வாங்கிக் கொடுத்த ஒரே ஆள் இந்த மத்தியதரைக் கடலில் நீங்களாகத்தான் இருப்பீர்கள். வாங்கியது வீணாகக் கூடாதென்று ஒரு நாளைக்குப் பதினோரு கோப்பை மாம்பழச் சாறு குடித்தீர்கள். ரோட்ஸ் தீவில் கோட்டையைப் பார்க்காமல் கழிப்பறையைத் தேடி அலைந்தது யார் என்று நான் வெளியே சொல்லவில்லை. இனிமேல் சொல்வேன்.

இதெல்லாம் சில்லறை. பெரியது பிரேயஸ்.

அந்தக் கிரேக்கத் துறைமுகத்தில் நாலு மணி நேரத்துக்கு ஒரு தனி வண்டியை, கிளம்புவதற்கு இரண்டு மாதம் முன்பே, நான் முன்பணம் கட்டிப் பதிவு செய்திருந்தேன். கரையில் போகும் பயணங்களின் பட்டியலில் அதற்கு "உங்கள் விருப்பப் பாதை" என்று பெயர். "எதுக்கு மாப்பிள்ளை தனி வண்டி?" என்று கேட்டீர்கள். பழைய நகரச் சுவர்களை அளந்து பார்க்கப்போகிறேன் என்றேன். பொய். அந்தத் துறைமுகத்துக்கு மேற்கே பெராமா என்ற ஊரில் என் மகள் யும்னா இருக்கிறாள். மூன்று வருடத்துக்கு முன்னால், கப்பல் பட்டறையில் வெல்டிங் வேலை செய்யும் ஹிலாலைத்தான் கட்டிக்கொள்வேன் என்று நின்று, கட்டிக்கொண்டு போனாள். நான் கல்யாணத்துக்குப் போகவில்லை. அவள் வீட்டு வாசலை மிதிக்க மாட்டேன் என்று உங்கள் எல்லார் முன்னாலும், உங்கள் வீட்டுக் கூடத்திலேயே, கத்தினேன். போன குளிர்காலத்தில் அவளுக்கு ஒரு மகன் பிறந்தான். ஏழு மாதமாக அந்தப் பிள்ளையின் முகம் எனக்குத் தெரியாது. என் மனைவி, அதாவது உங்கள் தங்கை இக்லால், படத்தைக் காட்ட வரும்போதெல்லாம் நான் பத்திரிகையை விரித்துக்கொள்வேன். அந்த வண்டியில் யாருக்கும் தெரியாமல் போய், கண்ணேறு படாமலிருக்கப் பிள்ளையின் சட்டையில் குத்த வாங்கி வைத்திருந்த நீலமணித் தங்க ஊசியைக் கொடுத்து, பத்து நிமிடம் நின்று, திரும்பிவிடுவது என்று முடிவு செய்திருந்தேன். இதை நான் ஒருவரிடமும் சொல்லவில்லை. சொல்ல என்னால் முடியாது என்பது உங்களுக்குத் தெரியும்.

இப்போது பிரேயஸுக்கு முந்தின நாள் சாயங்காலத்துக்கு வாருங்கள். ஐந்தாவது தளம். கரைப் பயண மேசை. காஸியா என்ற போலந்துக்காரப் பெண் உட்கார்ந்திருக்கிறாள். நீங்கள் உங்கள் சீட்டை வாங்குகிறீர்கள்: பதினாலாம் எண் பேருந்து, நாற்பத்திரண்டு பேர், ஆலிவ் எண்ணெய், சோப்புத் தொழிற்சாலை. என் சீட்டைப் பார்க்கிறீர்கள்.

"யோகக்காரன்யா நீ. தனி வண்டி! உங்க அக்கா முழங்காலை வெச்சுக்கிட்டு நான் பேருந்துப் படியில மல்லுக்கட்டணும்."

ஒருவர் நம்முடைய பொருளைப் பாராட்டினால் என்ன சொல்வோம்? சட்டையைப் பாராட்டினால் சட்டையை, கடிகாரத்தைப் பாராட்டினால் கடிகாரத்தை, "உங்களுடையதுதான், எடுத்துக்கோங்க" என்போம். அலெக்சாந்திரியாவிலிருந்து அஸ்வான் வரை அப்படித்தான். ஆனாலும் நம் ஊரில் எவனும் சட்டையில்லாமல் வீடு திரும்பியதில்லை. ஏனென்றால் எதிரில் இருப்பவன் மூன்று முறை மறுப்பான். மூன்று! இது பால்குடி மறக்கும்போதே தெரிந்துவிடுகிற விஷயம்.

"உங்களுடையதுதான் மச்சான், எடுத்துக்கோங்க" என்றேன்.

"சேச்சே, வேணாம்" என்றீர்கள். ஒன்று.

"கண்ணுல வெச்சுக் கொடுக்கிறேன்."

"சத்தியமா வேணாம் மாப்பிள்ளை." இரண்டு.

"அல்லாஹ் மேல ஆணை, நீங்க எடுத்துக்கத்தான் வேணும்" என்று நான் மூன்றாவதைச் சொல்லிவிட்டு, உங்கள் மூன்றாவதற்காகக் காத்திருந்தேன். சீட்டைத் திரும்பச் சட்டைப்பையில் வைக்கக் கையைக்கூடப் பாதி மடக்கிவிட்டேன். நீங்கள் என்ன செய்தீர்கள்? காஸியா பக்கம் திரும்பி, உங்களுடைய அந்தக் கடைத்தெரு ஆங்கிலத்தில், "இவர் எனக்குக் கொடுத்துட்டார்மா, மாத்திடு" என்றீர்கள். அந்தப் பெண் ஒரு பொத்தானைத் தட்டினாள். முடிந்தது. ஐம்பத்தாறு வருடமாக நான் கட்டிக் காத்த மரியாதை ஒரு பொத்தானில் போயிற்று.

அரை மணி கழித்து நான் தனியாகப் போய் அவளிடம் நின்றது உங்களுக்குத் தெரியாது.

"அதைத் திரும்ப என் பேருக்கு மாத்தணும்மா."

"நீங்கதானே சார் கொடுத்தீங்க? மூணு தடவை சொன்னீங்க."

"அவர் மறுக்கணும்னு சொன்னேன்."

"மறுக்கணும்னா ஏன் கொடுத்தீங்க?"

"நான் கொடுக்கலையே! கொடுக்கிறேன்னு சொன்னேன்."

அவள் மேசை இழுப்பறையைத் திறந்தாள். பிறகு, ஒருமுறை மாற்றியதை மறுபடி மாற்ற முடியாதென்றும், குடும்பக் காரணம் ஏதாவது இருந்தால் எழுதிக் கொடுங்கள், மேலதிகாரியிடம் கேட்டுப் பார்க்கிறேன் என்றும் சொல்லி ஒரு தாளை நீட்டினாள். "காரணம்" என்று ஒரே ஒரு வரி. எழுத எனக்கு நாலு சொல் போதும். பேனாவை வைத்து அழுத்தியும்விட்டேன். அந்த நேரம் பார்த்து, "இங்க என்ன பண்றீங்க?" என்று இக்லால் பின்னால் வந்து நின்றாள். "முதுகுவலி" என்று எழுதிக் கொடுத்தேன். நல்ல மனசுக்காரி அந்தக் காஸியா, உடனே எனக்கு ஒரு இலவச மசாஜுக்கு ஏற்பாடு செய்தாள். அன்று சாயங்காலம், ஒருவன் என் முதுகில் முட்டியை ஊன்றி ஏறி உட்கார்ந்திருக்க, வாழ்க்கையில் முதல்முறையாகக் கிடைத்த சலுகையை நான் அனுபவித்தேன். அதற்கப்புறம்தான் முதுகு நிஜமாகவே வலிக்க ஆரம்பித்தது.

இரவுச் சாப்பாட்டில் உங்களுக்கு எத்தனை சாடை காட்டினேன்! பிரேயஸில் ஓட்டுநர்கள் அடிக்கடி வேலை நிறுத்தம் செய்வார்கள் என்றேன். "பாத்துக்கலாம்" என்றீர்கள். தனி வண்டிகளில் இருக்கைப் பட்டை சரியிருக்காது என்றேன். "கட்டிப் பிடிச்சுப்போம்" என்றீர்கள். சுவர்களை அளப்பது உங்களுக்குச் சலிப்பாக இருக்குமே என்றேன். "நான் அளக்கலை, நீ அளக்கிறதா இருந்த மாதிரியே சும்மா சுத்திட்டு வரேன்" என்றீர்கள். அந்த வாக்கியம் அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

காலையில் இக்லாலுக்குத் தலைவலி, அறையிலேயே படுத்திருக்கிறாள். நான் நெஞ்சில் பதினாலு என்று ஒட்டிக்கொண்டு, உங்கள் இருக்கையில், சோப்புத் தொழிற்சாலைக்குப் போனேன். ஆறு வகை எண்ணெயை ஆறு சின்னக் கரண்டியில் கொடுத்து, நாக்கில் என்ன தெரிகிறது என்று வழிகாட்டி ஒவ்வொருவராகக் கேட்டாள். ஒருவர் பச்சைப் புல் என்றார். ஒரு அம்மாள் வாழைப்பழம் என்றாள். நான் எண்ணெய் என்றேன். அந்த மேட்டிலிருந்து பார்த்தால் பெராமாவின் பாரந்தூக்கிகள் தெரிந்தன. நேர்கோட்டில் ஆறு கிலோமீட்டர். அதைச் சொல்ல எனக்கு வரைபடம் தேவையில்லை. அங்கே நின்று, சட்டைப்பைக்குள் ஊசியை விரலால் தடவிக்கொண்டே, சோப்பு எப்படிக் கட்டியாகிறது என்பதை நாற்பது பேருடன் கற்றுக்கொண்டேன்.

சாயங்காலம் கப்பல் படிக்குப் பக்கத்தில் என் வண்டி வந்து நின்றது. நீங்கள் இறங்கினீர்கள். ஃபிர்தவ்ஸ் அக்கா இறங்கினாள், முழங்கால் அழகாக மடங்கியது. மூன்றாவதாக, தலைவலியோடு படுத்திருந்த என் மனைவி இறங்கினாள். கையில் ஒரு டப்பா. "கடையில வாங்கினோம்" என்றீர்கள். திறந்தால் அரிசி பொதிந்த திராட்சை இலைச் சுருள். விரல் நீளம், இரண்டு ஓரமும் யும்னா மடிப்பது போலவே இறுக்கி மடித்தது, என் வயிற்றுக்கு ஆகாதென்று மிளகு போடாதது. எந்தக் கிரேக்கக் கடைக்காரன் என் வயிற்றை அறிவான்? நான் வாயைத் திறக்கவில்லை. பேசுவதற்குத் திறக்கவில்லை என்று சொல்கிறேன்; ஒன்பது சாப்பிட்டேன்.

இக்லால் உண்மையைச் சொன்னது நேற்றுத்தான். நான் பதிவு செய்த அன்றே வண்டியின் விவரம், போக வேண்டிய வீட்டு முகவரியோடு, முதல் பெயர்க்காரரான உங்கள் கைப்பேசிக்கு வந்துவிட்டதாம். இரண்டு மாதமாக உங்களுக்குத் தெரியும்! என் மனைவிக்குத் தெரியும்! ஃபிர்தவ்ஸ் அக்காவின் முழங்காலுக்குக்கூடத் தெரிந்திருக்கும்! தெரியாதது எனக்கு மட்டும். அப்படியென்றால் அந்த மூன்றாவது மறுப்பு உங்கள் நாக்கில் தவறிப்போனது அல்ல, மைத்துனரே. தெரிந்தே முழுங்கியது.

"ஏன்டி இப்படிப் பண்ணீங்க?" என்றேன்.

"நீங்க போயிருந்தா வாசல்லயே அந்தப் பையனோட சண்டை போட்டுட்டுத் திரும்பியிருப்பீங்க. நாலு மணி நேர வண்டி. அதுல மூணு மணி நேரம் உங்க கோபத்துக்கே போயிடும்."

"நாலு பேர் உட்காரலாமே அதுல! மூணு பேர்தானே போனீங்க?"

அவள் பேச்சை யும்னாவிடம் திருப்பினாள். "அப்பா எங்கேன்னு கேட்டா. சோப்புத் தொழிற்சாலைக்குப் போயிருக்கார்னோம். அவருக்கு என்னத்துக்குச் சோப்புன்னு கேட்டா" என்றாள். நீங்களே சொல்லுங்கள். கோபக்காரன், பிடிவாதக்காரன் என்று என்னைப் பற்றி என் மகள் நினைத்துக்கொண்டிருக்கலாம், அது என் உரிமை. கரை வரைக்கும் வந்துவிட்டு சோப்புப் பார்க்கப் போனவன் என்று நினைக்க வைத்தீர்களே, அதை நான் எப்படிப் பொறுப்பது? நான் வண்டி பிடித்திருந்தேன் என்று ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை, உங்களில் ஒருவருக்காவது சொல்ல வாய் வரவில்லையே! என் வண்டியில் போய், என் பேரனை மடியில் போட்டுக்கொண்டு, மீன் வறுவலும் தின்றுவிட்டு வந்திருக்கிறீர்கள். அவன் உங்கள் மூக்குக் கண்ணாடியைப் பிடுங்கினானாம். எனக்கும்தான் கண்ணாடி இருக்கிறது!

ஆகவே இன்றோடு நமக்குள் போக்குவரத்து முடிந்தது. வெள்ளிக்கிழமை வர வேண்டாம். உங்கள் பெயர் முதலில் இருக்கும் எந்தத் தாளிலும் என் பெயர் இனி இரண்டாவதாக இருக்காது. உங்களுக்கு நீண்ட ஆயுளையும், உங்கள் வியாபாரத்துக்குப் பெருக்கத்தையும், வீட்டில் அனைவருக்கும் குறைவில்லாத உடல்நலத்தையும் இறைவன் அருளட்டும். ஃபிர்தவ்ஸ் அக்காவுக்கு என் வணக்கத்தைத் தெரிவிக்கவும்.

பின்குறிப்பு: கப்பல்காரர்களிடமிருந்து ஒரு தாள் வந்திருக்கிறது. ஒருமுறை பயணம் செய்தவர்கள் மாத முடிவுக்குள் மறுபடி பதிவு செய்தால் ஏப்ரல் பயணத்துக்குச் சலுகை உண்டாம். எனக்கு அந்தச் செயலியெல்லாம் புரியாது. உங்கள் பெயரையே முதலில் போட்டுவிடுங்கள். பிரேயஸில் இந்த முறை ஏழு மணி நேர வண்டியாகப் பாருங்கள். கோபத்துக்கு மூன்று மணி நேரம் போனாலும் நாலு மணி நேரம் கையில் இருக்கும். ஆறு பேர் உட்காருகிற வண்டி இருந்தால் நல்லது. அந்தப் பையன் ஹிலாலையும் ஏற்றிக்கொள்ளலாம், வழி தெரிந்தவன். வெள்ளிக்கிழமை வரும்போது உங்கள் கைப்பேசியை எடுத்து வாருங்கள், பேரன் கண்ணாடியைப் பிடுங்குகிற படம் இருக்கிறது என்று இக்லால் சொன்னாள்.

நீங்கள் இந்தக் கடிதத்தைப் படமெடுத்து யும்னாவுக்கு அனுப்புவீர்கள் என்பதும் எனக்குத் தெரியும். அனுப்புங்கள். வண்டி பற்றிய பக்கம் தெளிவாக விழுகிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். ஆனால் கீழே கையெழுத்து இருந்தால் இது அப்பா இறங்கிவந்து எழுதியது என்று ஆகிவிடும். இல்லாவிட்டால் யாரோ ஒரு பயணி கப்பலைப் பற்றி எழுதிய புகார்தான். அதனால் கையெழுத்துப் போடாமலே உறையை ஒட்டி, இப்போதே தபால் பெட்டியில் சேர்த்துவிடுகிறேன்.