இரட்டைத் தலைக் கொடிக்காரர்

கொடிக்காரர் என்றொரு இனம் உண்டு. இவர்களைத் தேடி எங்கும் போக வேண்டியதில்லை. எங்கள் பலேர்மோவில் கபோச் சந்தைக்குத் தக்காளி வாங்கப் போனாலே போதும்.

அங்கே மரக்கறிக்கடை வைத்திருக்கும் அல்பேனியர் பெஸ்னிக்கைப் பாருங்கள். தராசில் கொடி, தொப்பியில் கொடி, கோப்பி குடிக்கும் கோப்பையில் கொடி, சாவிக்கொத்தில் கொடி. சிவப்புத் துணியில் கறுப்புக் கழுகு, அதற்கு இரண்டு தலை. செருப்பில் மட்டும் இல்லை. மிதிக்கலாமா? கத்தரிக்காய் என்ன விலை என்று நீங்கள் கேட்டால், இரண்டு பெருவிரல்களையும் தலைகளாகக் கோர்த்துக் கைகளைச் சிறகாக விரித்து, "தலை எத்தனை?" என்பார். இரண்டு என்று சொல்லும்வரை கத்தரிக்காய் கிடையாது.

நவம்பர் இருபத்தெட்டு அவர்களுடைய கொடிநாள். இம்முறை அதற்கு முதல்நாள், காற்று கடைக்கு மேலுள்ள அவருடைய பல்கனிக் கொடியைக் கிழித்துக் கழுகின் ஒரு தலையைக் கொண்டுபோய்விட்டது. புதிதாக ஒன்று வாங்கலாமே? கூடாது. ஊரைவிட்டு வந்த அன்று அவர் மடித்துக் கொண்டுவந்த கொடி அது. நேரே என் தங்கை அமலினியிடம் கொண்டுவந்து கொடுத்தார். பலேர்மோவில் அவளைப் போல் தைக்க ஆளில்லை. அண்ணன் என்பதற்காகச் சொல்லவில்லை, தையலைக் கண்ணாடி போட்டு நானே எண்ணிப் பார்த்திருக்கிறேன்.

மறுநாள் காலை, அவருடைய ஊர்க்காரர் வர அரை மணி நேரம் இருக்கையில், நானும் அமலினியும் கொண்டுபோன கொடியைக் கடையில் வைத்து விரித்த பெஸ்னிக் அலறினார். அவருடைய இத்தாலியனைத் தமிழில் சொன்னால்:

"ஐயோ அமலினி, ரெண்டு தலையும் ஒண்டையொண்டு பாக்குது!"

"பக்கத்திலை பக்கத்திலை இருக்கிற தலையள். முகம் பாத்துக் கதைக்கட்டுமே எண்டு நினைச்சன்."

"கதைக்கக் கூடாது! ஒண்டு அங்காலை, மற்றது இங்காலை. இதைக் கட்டினா எங்கட சனம் வருசம் முழுக்க என்னைப் பாத்துச் சிரிக்கும்."

"நூறு தரம் கை விரிச்சுக் காட்டினியள். எந்தப் பக்கம் பாக்கிறது எண்டு ஒருநாளாவது சொன்னியளே?"

பெஸ்னிக் தன் கைகளைப் பார்த்தார். பெருவிரல்களுக்குச் சொண்டு இல்லை.

உருளைக்கிழங்குச் சாக்கின்மேல் இருந்தபடியே அவள் அந்தத் தலையைப் பிரித்து மாற்றித் தைத்தாள். நான் நூல் கோர்த்துக் கொடுத்தேன். ஊர்க்காரர் தெரு முடக்கில் திரும்பவும் பல்கனியில் கொடி ஏறவும் சரியாக இருந்தது. அன்று மட்டும் கத்தரிக்காய்க்குக் கேள்வி இல்லை.

சிரிக்கிறீர்களா, நம்மூர்க்காரரே? போன கிழமை ஸ்தாசியோனே சென்ட்ராலே ரயில் நிலையத்தில் நீங்கள் பேருந்துக்கு நிற்கும்போது ஒரு சிஞ்ஞோரா, "நீங்கள் இந்தியாவா?" என்று கேட்டாரே. இல்லை என்று சொல்லிவிட்டு ஏறினீர்களா? விரலால் காற்றிலே மாங்காய் போல ஒரு தீவு வரைந்து, அதன் உச்சியில் யாழ்ப்பாணத்துக்கு ஒரு குத்தும் வைத்து, பக்கத்தில் மன்னாருக்கு இன்னொன்றும் வைத்தீர்கள்.

உங்கள் பேருந்து போய்விட்டது. பாவம், அந்த அம்மாவுடையதும்தான்.